மெதுவான கணினியை அளந்து பார்த்தோம்

முன்னாள் மாணவர் ஒருவர் தம் வீட்டுக் கணினியை எங்கள் பள்ளிக்குக் கொடுத்திருந்தார். அதை இயக்கித் திரை தயாராவதற்குள் பாடவேளையில் ஐந்து நிமிடம் போய்விடும். ரேம் போதவில்லை என்று நானே முடிவுகட்டி, பெற்றோர் சிலர் தந்த பணத்தில் 4 ஜிபியை 8 ஜிபி ஆக்கினேன். கணினி முன்போலவே நகர்ந்தது. என் பணமாக இருந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. அடுத்த செலவுக்கு முன் அளந்து பார்த்துவிடுவது என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் உட்கார்ந்தேன். கணக்கில் அப்போது புள்ளியியல் நடந்துகொண்டிருந்தது.

கணினிக்குக் குறிப்பிட்ட ஒரு வேலையைக் கொடுத்து, அதை எவ்வளவு விரைவாக முடிக்கிறது என்பதை எண்ணாகத் தரும் மென்பொருள்களுக்கு 'பெஞ்ச்மார்க்' என்று பெயர். இலவசமாகக் கிடைக்கும் இரண்டே எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. கோப்புகளைச் சுருக்க உதவும் 'செவன் ஜிப்' மென்பொருளிலேயே செயலியையும் நினைவகத்தையும் சோதிக்கும் வசதி உண்டு. 'கிறிஸ்டல் டிஸ்க் மார்க்' வட்டின் வேகத்தை, நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று காட்டும்.

செவன் ஜிப் சோதனையை 5 முறை செய்தோம். மூன்றாவது முறை மட்டும் எண் வெகுவாகக் குறைந்தது. பின்னணியில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்ததை ஒரு மாணவி கண்டுபிடித்தாள். இணையத்தைத் துண்டித்து, மற்ற நிரல்களை மூடிவிட்டு மீண்டும் அளந்தோம். பழைய 5 எண்களையும் நான் அழிக்கவிடவில்லை. அவற்றுக்குச் சராசரியும் இடைநிலை அளவும் காணச் சொன்னேன். ஒரே ஒரு எண்ணால் சராசரி இறங்கியிருந்தது. இடைநிலை அளவு ஏறக்குறைய அசையவில்லை. ஒரே விவரத்துக்கு எதற்கு இரண்டு அளவுகள் என்பதைப் பாடநூல் கணக்குகளைவிட இது நன்றாக விளக்கியது.

செயலியின் எண்கள் மோசமில்லை. வட்டில்தான் விஷயம் இருந்தது. பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட். 4 கிலோபைட் துண்டுகளாக அங்கங்கே தேடிப் படிக்கும்போது 1 மெகாபைட்கூட இல்லை! எங்கோ தவறு என்றார்கள் மாணவர்கள். கரும்பலகையில் கணக்கிட்டோம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். தேடும் துண்டு முனைக்கு நேராக வரச் சராசரியாக அரைச்சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் தனி. அப்படியானால் நொடிக்கு நூறு துண்டுகள் கிடைப்பதே அரிது. விண்டோஸ் தொடங்கும்போது படிப்பதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை.

2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா, கணினியின் ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்பெண் கொடுத்தது. மொத்த மதிப்பெண்ணாக அது காட்டியது சராசரியை அல்ல, இருப்பதிலேயே குறைந்ததை. காரணத்தை மாணவர்களையே சொல்லச் சொன்னேன். ஐந்து பேர் கைகோத்து ஓடினால் கடைசி ஆளின் வேகம்தானே என்றான் ஒருவன்.

பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினோம். அதில் சுழலும் பகுதியே கிடையாது. ஒரு நிமிடத்துக்குள் திரை வந்துவிட்டது. மறுபடியும் இரண்டு சோதனைகளையும் செய்தோம். வட்டின் எண்கள் பல மடங்கு ஏறியிருந்தன. செவன் ஜிப் எண் மட்டும் அப்படியே இருந்தது.

"அப்போ கணினி வேகமாயிடுச்சா, இல்லையா டீச்சர்?" என்றாள் அந்த மாணவி. எந்த வேலைக்கு என்று நான் திருப்பிக் கேட்டேன். மணி அடிக்கும்வரை வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது.