மூச்சடக்கலும் அதன் எல்லையும்

முத்துக்குளித்தலைச் 'சிலாபங் குளித்தல்' எனல் தமிழ் வழக்கு. நம் புத்தளக் கரையிலே சிலாபம் என்னும் பெயரில் ஊரும் உண்டு. முன்னாளில் மன்னார்க் குடாக்கடலிற் கல்லின் பாரத்தோடு இறங்கிய குளிகாரர், ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கினர். அந்நேரத்தில் உடலுள் நிகழ்வது யாது?

மூக்கின்வழிப் புகும் காற்று, குரல்வளையையும் வாதனாளியையும் கடந்து, இரு கிளைகளாய்ப் பிரிந்து சுவாசப்பைகளை அடைகின்றது. வலப்பை மூன்று சோணைகளும் இடப்பை இரண்டு சோணைகளும் உடையன. அவற்றுள் ஏறக்குறைய 30 கோடிக்கு மேற்பட்ட சிற்றறைகள் உள. அவற்றின் மெல்லிய சுவரூடாக ஒட்சிசன் குருதியுட் புகும், காபனீரொட்சைட்டு வெளிப்படும். பிரிமென்றகடு தாழ, மார்பறை விரிந்து காற்று உட்செல்லும். அது மேலெழக் காற்று வெளிச்செல்லும்.

மூச்சு முட்டுதல் ஒட்சிசன் குறைவால் நிகழ்வதெனப் பலர் கருதுவர். அன்று, குருதியிற் காபனீரொட்சைட்டு மிகுதலே பெரும்பாலும் அதன் காரணம். மூச்சை ஆள்வது இவ்வாயுவே என்பதை ஹால்டேன், பிறீஸ்ற்லி என்னும் அறிஞர் இருவர் 1905ஆம் ஆண்டில் விளக்கினர்.

மாணவர் கருத்திற் கொள்ளவேண்டிய ஆபத்து இங்கேதான் உளது. நெடுநேரம் மூழ்கும் விருப்பால், முன்னதாகப் பன்முறை விரைந்து ஆழமாய் மூச்செறிவோர் ஒட்சிசனைச் சிறிதே கூட்டுகின்றனர். எச்சரிக்கை தரும் காபனீரொட்சைட்டையோ பெரிதும் போக்கிவிடுகின்றனர். மூச்சு முட்டுமுன்னரே ஒட்சிசன் குன்றி, நீருள்ளே மயக்கம் நேரும். நீச்சலில் வல்லாரும் இவ்வாறு மாண்டதுண்டு.

ஆதலின் கற்பிட்டியிலும் உடப்பிலும் கடலாடும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: மூழ்குமுன் இயல்பாகவே மூச்சு விடுங்கள், தனித்து மூழ்காதீர்கள், மூச்சு முட்டியதும் மேலெழுங்கள். அவ்வுணர்வு பகையன்று, உயிர்காக்கும் காவல்.