நம் மண்ணை நாமே படமெடுப்போம்: வன்னியில் ஒளிப்பட, வீடியோ கலைக்கு முழுமையான வழிகாட்டி

கல்யாண வீட்டுப் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். போன் இல்லாத கையும் அரிது. ஆனால் ‘என் ஊரைப் பற்றி, நான் எந்த இடத்தைச் சேர்ந்தவன் என்பதைப் பற்றி ஒரு படத்தொடர் செய்ய ஆசை, எங்கே தொடங்குவது?’ என்று கேட்பவருக்கு வழி சொல்ல ஆள் குறைவு. அந்த வேலையை முதலிலிருந்து கடைசி வரை சேர்ந்தே செய்து பார்ப்போம்.

இது என்ன வகை வேலை?

செய்திப்படம் அன்று நடந்ததைச் சொல்லும். நாம் செய்யப்போவது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் எடுக்கும் தொடர். பதினைந்து, இருபது படங்கள் சேர்ந்து நிற்கும்போதுதான் அது பேசத் தொடங்கும். வீடியோவுக்கும் நடிகர், கதை எதுவும் வேண்டியதில்லை. ஒரு குளக்கட்டும் ஒரு குரலும் ஐந்து நிமிடமும் போதும்.

வன்னி என்றதும் வெளியுலகம் நினைப்பது 2009 போரின் படங்களைத்தான். ஒளிப்படக் கலைஞர் அமரதாஸ் போல உள்ளேயே வாழ்ந்து எடுத்தவர்களின் படங்கள் நமக்கு என்றும் வேண்டும். ஆனால் போருக்குப் பிறகான வாழ்வு, மீளக்குடியேறிய வளவு, திரும்ப விதைத்த வயல், காடேறிப்போன காணி, இவற்றை எடுக்க வேண்டியவர்கள் அங்கே விடிந்து அங்கே பொழுதுபடுகிறவர்கள்.

யாரிடமிருந்து கற்கலாம்?

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ 2011இல் வெளியான நூல். இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்லி, அவற்றைத் தொகுத்திருக்கிறார். அதில் கமரா முக்கியமில்லை, கேட்கும் முறைதான் பாடம். வீட்டைப் பற்றிக் கேட்டால் சொல்லத் தயங்குகிறவர் கூட, பென்சிலைக் கொடுத்தால் கிணறு எங்கே, குசினி எங்கே என்று காட்டிவிடுவார்.

கண்ணன் அருணாசலம் ‘ஐ ஆம்’ என்ற தொடரில் முதியவர்களின் ஒளிப்படங்களோடு அவர்களுடைய குரலையும் சேர்த்தார். ‘ஹெர்ஸ்டோரீஸ்’ திட்டத்தில் ராதிகா ஹெட்டியாராச்சி முல்லைத்தீவு, வவுனியா உட்படப் பல மாவட்டத் தாய்மாரின் கையெழுத்துக் கடிதங்களையும் படங்களையும் திரட்டினார். மதுரைப் பக்கம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன், கொரோனா முடக்கத்தில் ஊர் திரும்பி, தன் குடும்பத்தையும் வீட்டையும் எடுத்தே தன் சாதி அடையாளத்தைப் பேசினார். லண்டனின் கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸ் ஈழத்து வரலாற்றைச் செயற்கை நுண்ணறிவு கலந்த பெரிய வீடியோக்களாக்குகிறார். அது நமக்கு எட்டாத செலவு. வாடிப்பட்டி வழிதான் நமக்கு நெருக்கம்.

எதை எடுப்பது?

ஒரே இடத்தைத் தெரிவு செய்வோம். ஒரு வளவு, ஒரு குளம், ஒரு ஒழுங்கை. ‘கிளிநொச்சி மாவட்டம் முழுவதும்’ என்று தொடங்கிய தொடர்கள் பாதியில் நின்றுவிடும்.

யாரும் திரும்பி வராத ஒரு வளவை எடுத்துக்கொள்வோம். வீடு இருக்காது. கிணற்றுக்கட்டு இருக்கும், பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற கல் இருக்கும். வேலிக்கு நட்ட பூவரசங்கதியால் மரமாகி நிற்கும், வரிசையாக நிற்பதால் எல்லை தெரியும். முற்றத்துக் குரோட்டன் ஆளுயரம் போயிருக்கும். மீளக்குடியேறிய பலர் தங்கள் காணியை இப்படிக் கிணற்றையும் மரத்தையும் வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். ஆக, இந்த மண்ணில் இயற்கையும் அடையாளமும் இரண்டு தலைப்புகளாகப் பிரியாது. ஜஸ்மின் நிலானி ஜோசப்பின் கோட்டோவியங்களில் வேலி திரும்பத் திரும்ப வருவதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

குளம் என்றால் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று பெரிய பெயர்களைத் தேட வேண்டாம். உங்கள் ஊர்ச் சிறுகுளமே நல்லது, நடந்து போகலாம்.

பழைய படங்களைத் தேடுவோம்

இதை அவசியம் செய்யுங்கள். இடப்பெயர்வில் பெரும்பாலான வீடுகளின் அல்பங்கள் போய்விட்டன. ஆனால் அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்த மாமாவுக்கும் சித்திக்கும் அனுப்பிய பிரதிகள் கனடாவிலோ பிரான்சிலோ ஒரு அலுமாரியில் இருக்கக் கூடும். பிறந்தநாள் படத்தின் பின்னால் பழைய வீட்டுச் சுவர் தெரியும், பூப்புனித நீராட்டு விழாப் படத்தில் வேலி தெரியும். கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், ‘டொக்கியுமன்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படத்தை அச்சிட்டு, அதே இடத்தில் பிடித்தபடி மறுபடி எடுப்பது மிக நல்ல முதல் பயிற்சி.

எவ்வளவு செலவாகும்?

முதல் மூன்று மாதம் உங்கள் போனே போதும், கமராவுக்குக் கடன் பட வேண்டாம். 20,000 ரூபாய் ஒதுக்க முடிந்தால் அதை இப்படிப் பிரிக்கலாம்: போன் முக்காலிக்கு 3,000, சட்டைக் கழுத்தில் குத்தும் மைக்குக்கு 2,000, பென் டிரைவுக்கும் மெமரி கார்ட்டுக்கும் 3,000, பஸ்ஸுக்கும் பெற்றோலுக்கும் 6,000, கடைசியில் படங்களை அச்சிட 6,000. விலை கடைக்குக் கடை மாறும், இரண்டு இடத்தில் கேட்டு வாங்குவோம். பணம் குறைந்தால் முக்காலியை விட்டுவிட்டுக் கதிரையில் போனைச் சாய்த்து வைக்கலாம். மைக்கை மட்டும் விடாதீர்கள். வன்னிக் காற்றில் போன் மைக் இரைச்சலைத்தான் பதியும்.

எப்படி எடுப்பது?

காலை ஆறு முதல் எட்டு, பின்னேரம் நாலரை முதல் ஆறு. நடுப்பகல் வெயிலில் முகங்கள் கறுத்துப்போகும், தண்ணீர் வெள்ளையாக எரியும்.

ஒரே இடத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, அதன்மேல் நின்று, ஒவ்வொரு மாதமும் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுப்போம். புரட்டாதியில் வெடித்துக் கிடக்கும் குளத்தடி, மார்கழியில் நிரம்பி வழியும் குளம், மாசியில் காலபோக அறுவடை. ஆறு மாதத்தில் தொடரின் முதுகெலும்பு உருவாகிவிடும்.

வீடியோவுக்குப் போனை ‘பிளைட் மோட்’டில் போட்டு, படுக்கையாகப் பிடித்து, அசைக்காமல் ஒரு முழு நிமிடம் பதிவோம். ஒரு நிமிடம் நீளமாகத் தோன்றும், பொறுங்கள். கொக்கு இறங்குவதும், மாடு தண்ணிக்கு வருவதும், ஒருவர் சைக்கிளில் கட்டால் போவதும் அதற்குள்தான் நடக்கும். பேச்சைத் தனியாக, வீட்டுக்குள் இருந்து பதிவோம். குரலையும் குளத்தையும் பிறகு சேர்க்கலாம். காப்கட் போதும், மடிக்கணினி இருந்தால் டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு இன்னும் நல்லது.

எடுத்த அன்றே இரண்டு இடத்தில் சேமியுங்கள். கோப்புக்கு ஊர், மாதம், ஆண்டு போட்டுப் பெயர் வையுங்கள்.

மனிதர்களை எடுக்கும்போது

முதல் தடவை கமரா இல்லாமல் போவோம். தேத்தண்ணி குடித்து, நாம் யார் பிள்ளை, என்ன செய்கிறோம், படம் எங்கே போகும் என்று சொல்வோம். ‘அம்மா, உங்கட படம் முதல்ல ஊரிலயும் பிறகு கொழும்பில மண்டபத்திலயும் போடுவம், பேஸ்புக்கில போடமாட்டம்’ என்று விளங்கச் சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017இலிருந்து வீதியோரக் கொட்டகைகளில் இருந்து போராடியிருக்கிறார்கள். அவர்களைத் திரும்பத் திரும்ப அழவைத்து எடுத்தவர்கள் பலர். அந்தக் கூட்டத்தில் நாம் சேர வேண்டாம். மகனின் படத்தைப் பிடித்திருக்கும் கைகள் மட்டும் போதும் என்று ஒரு தாய் சொன்னால், கைகளையே எடுப்போம். பிறகு மனம் மாறி ‘வேண்டாம்’ என்றால் அழித்துவிடுவோம்.

எச்சரிக்கை

சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருந்தால் ஒரு அடி கூட உள்ளே வைக்காதீர்கள். முகமாலைப் பக்கம் உட்படச் சில இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடந்துவருகிறது. பலகை இல்லாத பற்றைக்குள்ளும், ஊரவர் நடக்கிற பாதையை விட்டு இறங்க வேண்டாம். விளங்காத இரும்பு எதையும் தொடாமல் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

படைமுகாம், காவலரண், சோதனைச்சாவடி எடுக்கக் கூடாது. காட்டுக்குள்ளும் சுண்டிக்குளம் போன்ற பூங்காக்களிலும் உரிய திணைக்களத்திடம் கேட்டே போக வேண்டும். ட்ரோனுக்குப் பதிவும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியும் தேவை, தொடக்கத்தில் அதைத் தொடாமலிருப்பதே நல்லது. குளங்களில் முதலை உண்டு. பொழுதுபட்டால் காட்டோரக் குளங்களுக்கு யானை வரும். தனியே போகாதீர்கள்.

எங்கே காட்டுவது?

முதலில் எடுத்த ஊரில். சனசமூக நிலையத்தில் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டு, பள்ளிக்கூட புரொஜெக்டரை இரவல் வாங்கி, வெள்ளை வேட்டியில் வீடியோவைப் போடுவோம். படத்திலிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுப்போம். அது அச்சுச் செலவில் அடங்க வேண்டிய கணக்கு.

அதற்குப் பிறகு வெளியே போகலாம். 2015இலிருந்து யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா குறும்படங்களுக்கு இடம் கொடுத்துவருகிறது. கொழும்பில் 2013இல் தொடங்கிய கொழும்புஸ்கோப் கலை விழா, 2024இல் காட்டையே கருப்பொருளாக எடுத்தது. அதே கொழும்பில் 2019இல் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் தமிழிலும் விளக்கங்கள் இருக்கும், போய்ப் பாருங்கள். சென்னை ஒளிப்பட பியனாலேயும் 2016இலிருந்து நடக்கிறது. சேர்த்த பழைய படங்களின் பிரதியை, வீட்டுக்காரர் சம்மதித்தால், நூலகம் நிறுவனத்திடம் ஆவணப்படுத்தக் கொடுக்கலாம்.

தொடங்க நல்ல காலம் மாரிக்கு முன். குளம் வற்றிக் கிடக்கும்போதே உங்கள் கல்லை வைத்து, முதல் படத்தை எடுத்துவிடுங்கள். மழை வந்தபின் அந்தப் படத்துக்கு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.