ஸ்டியரிங் ஒலியும் அதன் காரணமும்

பழைய காரின் ஸ்டியரிங்கைத் திருப்புகையில் எழும் ஒலி ஓர் எச்சரிக்கையாகும். அது பிறக்கும் இடத்தை முதற்கண் அறிதல் வேண்டும்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்திலுள்ள ஆபிங்டனில் உற்பத்தியான எம்.ஜி.பி. விளையாட்டுக் காரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதில் ஸ்டியரிங் தண்டின் கீழ்முனையிலுள்ள பினியன் என்னும் பற்சக்கரம், ராக் என்னும் பற்சட்டத்தை இடவலமாக நகர்த்துகிறது. முன்சக்கரங்கள் கிங்பின் என்னும் நிமிர்ந்த அச்சாணிகளைப் பற்றித் திரும்புகின்றன.

நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பி ஒலியைக் கவனிக்க வேண்டும். பின்பு பின்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, முன்பகுதியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகள்மீது நிறுத்தி, மறுபடியும் திருப்ப வேண்டும். ஒலி மறையுமாயின், பாரம் ஏறும்போது வறண்ட கிங்பின் உராய்கிறது என ஊகிக்கலாம். அதன் மூன்று நிப்பிள்களிலும் கிரீஸ் செலுத்துக. ஒலி நீடிக்குமாயின் ராக்கையும் ஸ்டியரிங் தண்டையும் ஆராய்க. ராக்கிற்குக் கிரீஸ் அன்று, எண்ணெயே உரியது.

உயர்த்திய சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தும் பார்க்க வேண்டும். ஆட்டம் தென்பட்டால், மற்றொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். அப்போது ஆட்டம் நின்றால் குறை சக்கரப் பேரிங்கில் உள்ளது; நில்லாவிடில் கிங்பின் தேய்ந்திருக்கக்கூடும்.

கிரீஸ் ஒலியை அடக்குமேயன்றித் தேய்வை ஈடுசெய்யாது. ஆதலின், ஒலி அடங்கிய பின்னரும் ஆட்டத்தைச் சோதியாமல் வண்டியைச் சாலைக்கு அனுப்புதல் கூடாது.