ஆங்கில உரையாடலும் நமது ‘என்று’ என்னும் சொல்லும்

மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணாக்கர் ஆங்கிலத்தில் உரையாடலை எழுதுங்கால் நிறுத்தக்குறிகளில் இடறுவதை ஆசிரியர் பலரும் அறிவர். இது கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று. நம் தாய்மொழியின் அமைப்பும் இதற்கொரு காரணமாகும்.

தமிழில் ஒருவர் கூற்றை முடித்துக் காட்ட ‘என்று’ என்னும் சொல் உண்டு. ஏட்டுச் சுவடிகளில் மேற்கோட்குறி இல்லாதிருந்தும், ‘என்றான்’, ‘என்றாள்’ என வருமிடத்தில் கூற்று முடிந்ததைப் படிப்போர் உணர்ந்தனர். ஆங்கில நேர்கூற்றில் அப்பணியைக் குறிகளே செய்கின்றன. ‘தட்’ என்னும் சொல் அயற்கூற்றுக்கு உரியது. இதனை அறியாத மாணாக்கன், ‘நான் வருவேன் என்று சொன்னான்’ என்பதை ‘ஹி செட் தட் ஐ வில் கம்’ என எழுதிவிடுகிறான். வருபவன் சொன்னவனல்லன், எழுதியவன் என்றாகிவிடுகிறது!

இன்னொரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுவோம்: தி கங்காணி செட் தி கிளாக் இஸ் லேட். குறியின்றிப் படித்தால், கிளாக்கர் பிந்திவிட்டார் என்று கங்காணி சொன்னதாகும். இனி, ‘தி கங்காணி’, ‘இஸ் லேட்’ என்னும் இரு பகுதிகளையும் மேற்கோட்குறிக்குள் அடைத்து, ‘கங்காணி’, ‘கிளாக்’ என்னும் சொற்களின் பின் காற்புள்ளி இடுக. கங்காணி பிந்திவிட்டார் என்று கிளாக்கர் சொன்னதாகிவிடும். சொல் ஒன்றும் மாறவில்லை. குறை சொன்னவரும் குறைக்கு ஆளானவரும் இடம் மாறினர். தோட்ட விசாரணையில் வாக்குமூலம் எழுதுவோனுக்கு இது சிறு பிழையாகுமா?

மாணாக்கர் மனத்திற் கொள்ள வேண்டிய விதிகள் நான்கே. ‘செட்’ முன்வரின் அதன்பின் காற்புள்ளியிட்டு, கூற்றைப் பெரிய எழுத்தில் தொடங்குக. பின்வரின், கூற்றின் இறுதியில் முற்றுப்புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளியிட்டு, அதன்பின் மேற்கோட்குறியை மூடுக. கூற்று வினாவாயின் வினாக்குறியே போதும், காற்புள்ளி வேண்டா. வேறொருவர் பேசத் தொடங்கின் புதிய பந்தி தொடங்குக.

வகுப்பிற் கற்பிக்க எளிய வழி ஒன்றுண்டு. உரையாடலை முதலில் தமிழிற் சொல்லுமாறு மாணாக்கனைப் பணித்தல் வேண்டும். அவன் ‘என்று’ எனும் இடத்தில் கூற்று முடிகிறது. ஆங்கிலத்தில் மேற்கோட்குறி மூடவேண்டிய இடமும் அதுவே. தாய்மொழி இங்கே தடையாகாது துணையாகிறது.

மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாழ்வைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். அவ்வழியிற் சென்று தன் பாட்டனாரின் பேச்சை ஆங்கிலத்தில் எழுத விழையும் மாணாக்கன், அவர் சொல்லை அவர் சொல்லாகவே நிறுத்தல் வேண்டும். அதற்குச் சிறு குறிகளே காவல்.