ஸ்டுடியோ கேள்வி-பதில்: டிஎஸ்பி கார்டு வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் ஒரு மூலையில் சின்ன ஸ்டுடியோ வைத்து, பக்திப் பாடல்களும் குறும்படங்களுக்குப் பின்னணி இசையும் செய்கிறேன். பழைய விண்டோஸ் டெஸ்க்டாப். டிராக் 40-ஐத் தாண்டினால் ஒலி படபடவென்று பொரிகிறது. பஃபரைக் கூட்டினால் பொரிவது நிற்கிறது. ஆனால் பாட வருகிறவர்கள், “என் குரலே எனக்குப் பின்னால் வருகிறது” என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் யூஏடி-2 குவாட் கார்டை செகண்ட்ஹேண்டில் தருகிறார். வாங்கினால் இரண்டு தொல்லையும் தீருமா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: பொரிவது ஓரளவு குறையலாம். குரல் பிந்துவது தீராது.

கம்ப்யூட்டர் ஒலியைக் கட்டுக்கட்டாகத்தான் கையாளும். அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால், ஒரு கட்டுக்கு 21 மில்லிசெகண்ட். குரல் உள்ளே போக ஒன்று, ஹெட்ஃபோனுக்கு வர ஒன்று. ஆக, சுமார் 43 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் காற்றில் ஒலி ஏறத்தாழ 15 மீட்டர் போய்விடும். மிருதங்கக்காரர் 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசித்தால் பாடுகிறவரின் தாளம் எப்படித் தடுமாறுமோ, அதுதான் உங்கள் ஹெட்ஃபோனில் நடக்கிறது. 128 சாம்பிளுக்கு இறக்கினால், போகவர 5 மில்லிசெகண்டை ஒட்டித்தான் ஆகும். இன்டர்ஃபேஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். அதைப் பெரும்பாலோர் உணரவே மாட்டார்கள்.

யுனிவர்சல் ஆடியோ நிறுவனத்தின் யூஏடி-2 குவாட் ஒரு டிஎஸ்பி கார்டு; அதாவது ஒலிக் கணக்குகளைக் கம்ப்யூட்டருக்குப் பதிலாகத் தன் சிப்களில் செய்யும் கார்டு. அதில் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ‘ஷார்க்’ சிப்கள் நான்கு உண்டு. அவை யூஏடி பிளக்-இன்களை மட்டுமே சுமக்கும். உங்கள் தம்பூரா சாம்பிளையோ, சாஃப்ட்வேர் சின்தையோ, வேறு நிறுவனத்தின் ரிவெர்பையோ தொடாது. 40 டிராக்கில் பாதிக்கு மேல் சாம்பிள் வாத்தியங்கள் என்றால், அந்தச் சுமை பழையபடி கம்ப்யூட்டரின் தலையில்தான். போதாக்குறைக்கு, ஒலி கார்டுக்குப் போய்த் திரும்பவும் நேரம் பிடிக்கும். மிக்ஸ் செய்யும்போது மென்பொருள் அதை ஈடுகட்டிவிடும். பாடிக்கொண்டிருக்கும்போது ஈடுகட்ட வழியில்லை.

காசு செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனி ரிவெர்ப் போடாமல், ஒரே பஸ்ஸில் ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் அதற்கு அனுப்புங்கள். வேலை முடிந்த வாத்தியங்களை ‘ஃப்ரீஸ்’ செய்யுங்கள். பாடும்போது 128, மிக்ஸுக்கு 1024 என்று பஃபரை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் இருந்தால் அதைப் போட்டு, மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணையுங்கள். அணைக்க மறந்தால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

ரிவெர்ப் காதில் விழுந்தால்தான் பாட்டு வரும் என்பவர்களுக்கு, டிஎஸ்பி உள்ளேயே அமைந்த இன்டர்ஃபேஸ்தான் சரி. யுனிவர்சல் ஆடியோ 2012-இல் கொண்டுவந்த ‘அப்பல்லோ’ அந்த வகை. பாடுகிறவரின் குரல் கம்ப்யூட்டரைச் சுற்றி வராமலேயே எஃபெக்டோடு காதுக்கு வந்துவிடும். கார்டால் இது முடியாது.

கேள்வி: என்னிடம் எஸ்எஸ்எல் ‘டியூண்டே’ ஃபயர்வயர் பெட்டி இருக்கிறது. புது மேக் வாங்கினால் ஓடுமா?
– வாசகர், ஹாரோ

பதில்: ஓடாது. பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. அதோடு பேசும் புது மேக்தான் இப்போது இல்லை. ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த எஸ்எஸ்எல் நிறுவனம் 2006-இல் டியூண்டே என்ற இந்த டிஎஸ்பி பெட்டியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ஹை விக்கமின் ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் டிஎஸ்பி பெட்டியான ‘லிக்விட் மிக்ஸ்’ வந்தது. இரண்டும் ஃபயர்வயரை நம்பியவை. 2025-இல் வெளியான மேக்ஓஎஸ் 26, ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டது.

இந்தத் துணைக் கருவிகள் பிறந்ததே கம்ப்யூட்டரின் போதாமையால்தான். 1960களின் இறுதியில் லண்டன் பட்னியில் இசையமைப்பாளர் பீட்டர் ஜினோவியெஃப் தன் வீட்டு ஸ்டுடியோவில் பிடிபி-8 கம்ப்யூட்டர்களை வைத்து இசையமைத்தார். அவை கட்டளை கொடுத்தன. ஒலியை எழுப்பியவை தனிக் கருவிகள். 2001-லும் அந்தப் போதாமை தீரவில்லை. அந்த ஆண்டில் வந்த யுனிவர்சல் ஆடியோவின் யூஏடி-1 கார்டில் இருந்தது, கிராஃபிக்ஸுக்கும் டிவிடிக்கும் என்று உருவான ‘எம்பேக்ட்’ சிப். நல்ல ரிவெர்ப் இரண்டைப் போட்டால் அன்றைய கம்ப்யூட்டர் திணறும். அதனால் கார்டுக்கு மவுசு இருந்தது. பிராசஸர்கள் வளர வளர அந்த மவுசு குறைந்தது. டிசி எலக்ட்ரானிக் நிறுவனம் தன் ‘பவர்கோர்’ டிஎஸ்பி கருவி வரிசையையே நிறுத்தியது. எஸ்எஸ்எல் 2010-இல் டியூண்டே பிளக்-இன்களைக் கருவி இல்லாமலே ஓட விட்டது. யுனிவர்சல் ஆடியோவும் 2022 முதல் அதே வழிக்கு வந்துவிட்டது.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய மேக் ஓடும்போதே, டியூண்டே போட்ட டிராக்குகளை எஃபெக்டோடு வேவ் ஃபைலாக எடுத்து வைத்துவிடுங்கள். அந்த மேக் படுத்துவிட்டால் உங்கள் மிக்ஸை அதே ஒலியில் திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: எனக்கு யூஏடி ஒலி பிடிக்கும். கார்டு வாங்கியே தீருவேன். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், டூட்டிங்

பதில்: முதலில் உரிமம். பிளக்-இன் உரிமம் விற்பவரின் கணக்கில் இருக்கும். அவர் முறைப்படி கார்டையும் உரிமங்களையும் உங்கள் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். அது நடக்காமல் கையில் கார்டு மட்டும் வந்தால் பயனில்லை. அடுத்தது ஸ்லாட். டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும். மேக்புக்கிலும் மேக் மினியிலும் ஸ்லாட்டே கிடையாது. தண்டர்போல்ட் பெட்டி தனியாக வாங்க வேண்டிவரும். மூன்றாவது, உங்கள் இயங்குதளப் பதிப்புக்கு டிரைவர் உண்டா என்று நிறுவனத்தின் பட்டியலில் பாருங்கள். 96 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்பவர் என்றால், 48-இல் ஓடுவதில் ஏறக்குறைய பாதி பிளக்-இன்கள்தான் கார்டில் அடங்கும்.

எங்கே வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். பிரிட்டனில் கடையிடம் ஆன்லைனில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். தனிநபரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. ஆகவே நேரில் போய், கார்டு ஓடும் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான்: ஒலிக்காக வாங்கினால் சரி, வேகத்துக்காக வாங்கினால் வீண். வேகம் வேண்டும் என்றால் அந்தப் பணத்தைப் புது பிராசஸரில் போடுங்கள்.