இடுப்பில் மூன்று ஊசி, முதுகில் இரண்டு

திருத்தணி மலைக்குப் படி 365. வருஷம் தவறாமல் ஆடிக் கிருத்திகைக்கு ஏறிக்கொண்டிருந்த ஆள் நான். அம்மையார்குப்பத்தில் சொந்தக்காரர் தறிக்கூடத்தில் பாவு பீமைத் தூக்க ஒரு கை கொடுக்கப் போய், அன்றோடு சரி. கே.ஜி.கண்டிகை பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வர மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. இருமினால்கூட, பிட்டத்திலிருந்து கால் கட்டைவிரல் வரை கரண்ட் அடித்தது. எம்.ஆர்.ஐ.யில் எல்-4, எல்-5 நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது.

முதலில் பக்கத்துக் கிளினிக்கில் இடுப்பில் ஸ்டீராய்டு ஊசி. இரண்டு நாள் சொர்க்கம், மறுபடி அதே வலி. பத்து நாளில் மூன்று போட்டுக்கொண்டேன். அது சதையில் போடுவது. உடம்பெல்லாம் பரவும், வலிக்கிற நரம்புக்குச் சேருவது சொற்பம். சர்க்கரை மட்டும் 280-க்கு ஏறியது. என்ன மருந்து என்று கேட்காதது என் தப்பு.

அடுத்தது காடல் ஊசி. வால் எலும்புக்கு மேலே உள்ள துவாரம் வழியாக, மருந்தை நிறையத் திரவத்தோடு கலந்து விடுவார்கள்; அது கீழிருந்து மேலே பரவ வேண்டும். மூன்று வாரம் தாங்கியது.

"முதுகுல ஊசி போட்டா காலு போயிடும்ணா" என்று எதிர்வீட்டுத் தங்கச்சி பயமுறுத்தியும், ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். குப்புறப் படுக்கவைத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரே பார்த்தபடி, நரம்பு வெளியே வரும் வாசலிலேயே ஊசியை நிறுத்தினார்கள். முதலில் சாயம். பிறகு மருந்து இறங்கும்போது, என் பழைய வலி அப்படியே கட்டைவிரல் வரை ஒரு ஓட்டம் ஓடியது. "இதுதானே உங்க வலி?" என்றார் டாக்டர். அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இந்த முறையில் மருந்தின் பெயரைக் கட்டாயம் கேளுங்கள். ட்ரையாம்சினலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் போன்றவை துகளாக இருப்பவை. தவறி ரத்தக்குழாயில் போனால் அடைப்பு வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பக்கவாதம் வரை போகும். டெக்ஸாமெதசோன் கரைந்த மருந்து, அந்த ஆபத்து குறைவு. தண்டுவட ஸ்டீராய்டு ஊசிகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2014-இல் எச்சரித்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்காரர்கள் ஒரு வாரம் தினமும் பாருங்கள்.

எனக்குக் கால்வலி முக்கால்வாசி போனது. இடுப்புவலி அப்படியே இருந்தது. எந்த ஊசியும் பிதுங்கிய ஜவ்வை உள்ளே தள்ளாது; நரம்பைச் சுற்றிய வீக்கத்தைத்தான் வற்றவைக்கும். பலருக்கு ஊசியே இல்லாமல் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் தணிந்துவிடுகிறது. ஆகவே, வெறும் இடுப்புவலிக்கு இதில் பணத்தைப் போடாதீர்கள் என்பேன். காலுக்கு இறங்கும் வலி தூங்கவிடாதபோது, படம் பார்த்துப் போடும் இடமாகப் போங்கள்.

சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, உட்காருமிடம் மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ ஊசியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.