அட்டையில் பெண், சாமி முன்னாடி?

ஓம் சரவணபவ.

எங்க ராஜபாளையம் குழு திருச்செந்தூர் பாதயாத்திரை கிளம்பும்போது பேர் எழுதுற நோட்டு என் கையில்தான் இருக்கும். ராத்திரி தங்குற மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அதனால பேருக்கு எதிரே ஒரு கட்டத்தில் ஆ அல்லது பெ என்று குறிச்சுக்குவோம். போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு திருநங்கை அக்கா பேர் கொடுக்க வந்தாங்க. பச்சைச் சேலை, கழுத்தில் துளசி மாலை. ஆதாரில் பெண் என்றே இருந்தது. நான் பேனாவோட முழிச்சேன். பின்னாலிருந்து ஒருத்தர், "அட்டையில மாத்திட்டா ஆச்சா? சாமிக்குத் தெரியாதா?" என்றார். அக்கா ஒண்ணும் பேசலை. நானும் பேசலை. கட்டத்தைக் காலியா விட்டுட்டேன். அந்த வருஷம் அவங்க எங்களோட நடக்கலை.

அவர் கேட்டதைத் தள்ளிவிட முடியலை. சட்டம் ஒருத்தரைப் பெண் என்று எழுதிட்டா, கோயில் வாசலில் அதுக்கு என்ன அர்த்தம்? படிச்சுப் பார்த்தேன். பதில் நம்ம திருச்செந்தூர் இருக்கிற தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருந்தது.

31.10.2018 அன்று தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஒரு ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் கல்யாணம் நடந்தது. பதிவு செய்யப் போனாங்க, பதிவாளர் மறுத்துட்டார். வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போச்சு. நம்ம விருதுநகர் மாவட்டத்து வழக்குகளும் போற அதே இடம்தான். 22.4.2019-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பு சொன்னார்: இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம், பதிவு செய்யணும்.

இதுக்கு அடித்தளம் 15.4.2014-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த நால்சா தீர்ப்பு. தன் பாலினம் எது என்று சொல்ல வேண்டியது அந்த நபர்தான் என்று அது சொல்லியிருந்தது. பிறகு 17.10.2023-ல் ஒருபாலினத் திருமணத்தை ஏற்காத அமர்வுகூட, ஆணும் திருநங்கையும் இப்போ இருக்கிற சட்டங்களின்படியே கல்யாணம் செய்துக்கலாம் என்றது.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது மதுரைத் தீர்ப்பில் வேற ஒரு இடம். மனுதாரர்கள் இந்துக்கள், கல்யாணம் கோயிலில் நடந்திருக்கு, அதனால பதிவை மறுத்தது அவங்க மத உரிமையையும், அதாவது அரசியல் சட்டம் 25-வது பிரிவையும் மீறினது என்று நீதிபதி சொன்னார். மதம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம் என்றுதானே நாம சண்டை போடுறோம்? இங்கே சாமி முன்னாடி மாலை மாத்தணும்னு போனவங்களே அந்த ரெண்டு பேர்தான். பக்தி அவங்க பக்கம் இருந்தது.

எங்க குழுவில் ஒரு பெரியவர், "கல்யாணம்னா வம்சம் தழைக்கணும்ல?" என்றார். சஷ்டி விரதம் இருக்கிற குழந்தையில்லாத தம்பதிகளை நாம எத்தனை பேரைப் பார்க்கிறோம். அவங்க கல்யாணம் செல்லாதுன்னு யாராவது சொல்வோமா? கேட்டேன். யோசிச்சார், ஒத்துக்கலை. அவரை நான் குறை சொல்லலை.

இன்னொரு பக்கம், நம்மள மாதிரி இளவட்டம் உடனே புராணத்தை எடுத்துடுறோம். திருச்செங்கோட்டில் ஒரே மலையில் அர்த்தநாரீஸ்வரரும் செங்கோட்டு வேலவரும். நம்ம ஊர் மேற்கே மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார், மோகினியாக வந்த திருமாலுக்கும் சிவனுக்கும் பிள்ளை. உண்மைதான். ஆனா படத்தில் கும்பிடுறதை மண்டபத்தில் பாய் விரிக்கும்போது மறந்துடுறோமே. நானே மறந்தேன்.

கூவாகத்தையும் இப்படித்தான் ஸ்டேட்டஸ் போடுறோம், 'நம்ம மரபு அன்னைக்கே ஏத்துக்கிச்சு' என்று. களப்பலிக்கு முந்தின ராத்திரி அரவானுக்கு மனைவி வேணும், கண்ணனே மோகினியா வந்தான் என்பது கதை. சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் தாலி கட்டிக்கிறாங்க. மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைச்சு, வெள்ளைச் சேலை. மரபு கொடுத்தது ஒரு ராத்திரி. தூத்துக்குடி மணமகள் கேட்டது மறுநாளும், அதுக்கு அடுத்த நாளும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காம கூவாகத்தைப் பெருமையாப் பேசுறது எனக்கு இப்போ கூச்சமா இருக்கு.

நம்ம வள்ளி கல்யாணத்தையும் பாருங்க. அப்பன் நம்பிராஜன் முதலில் அம்போடுதான் வந்தார். விழுந்து எழுந்த பிறகுதான் மகளைக் கைபிடிச்சுக் கொடுத்தார். அவரைப் பாவின்னு நாம யாரும் திட்டறதில்லை.

மண்டபத்தில் யார் எங்கே படுக்கணும் என்று எந்தத் தீர்ப்பிலும் இல்லை. எங்க அம்மாகிட்ட கேட்டேன், "என் பக்கத்துல விரிச்சுக்கட்டும், எனக்கென்ன" என்றாங்க. இன்னொரு அத்தை சங்கடமா இருக்கும் என்றாங்க. பேசிக்கிட்டிருக்கோம்.

இந்த வருஷ நோட்டு போன வாரம் வாங்கினேன். அக்காவுக்கு மெசேஜ் போட்டேன், போன தடவை கட்டத்தைக் காலியா விட்டது தப்பு, மன்னிச்சுக்குங்க, இந்த வருஷம் வாங்க என்று. ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்தது: "பார்ப்போம் தம்பி."

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.